வைத்தியர் வாளெடுத்த கதை

எம்.ஜி.ஆரைக் கடற்கொள்ளையர் கப்பலில் ஏற்றிவிட்டவர் யார் என்று கேட்டால், பி.ஆர். பந்துலு என்று சினிமா தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், அந்தப் படத்துக்கும் 280 வருடம் முந்தைய இங்கிலாந்தில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுவிட்டுக் கைதாகி நிற்கிற ஒரு வைத்தியரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் ஹென்றி பிட்மன்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி, அதன் மேல் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் பார்க்க வேண்டும். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டு உள்ளே வரும். படம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் வேலியில் ஒடித்த குச்சியெல்லாம் வாளாகிவிட்டது. யாருமே நம்பியாராக இருக்கச் சம்மதிக்காததால் அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. எல்லோரும் மணிமாறன்கள், படத்தில் எம்.ஜி.ஆரின் பெயர் அது.

அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. எத்தனையோ ராஜா ராணிப் படங்கள் வந்தன, போயின. இது மட்டும் ஏன் பழசாகவில்லை என்று தேடிப் போனபோதுதான் பிட்மன் கிடைத்தார்.

1685-ல் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தார். அவருடைய அண்ணனுக்கு முறைப்படி பிறக்காத மகன் ஒருவர் உண்டு, மான்மத் கோமகன். சிம்மாசனம் தனக்குத்தான் என்று அவர் கடல் கடந்து வந்து இறங்கினார். அவர் பின்னால் திரண்டவர்கள் பெரும்பாலும் உழவர்கள், நெசவாளிகள். கையில் கதிர் அரிவாளைக் கம்பில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி செட்ஜ்மூர் என்ற இடத்தில் அரசரின் படை அவர்களைச் சிதறடித்தது. சில நாளில் மான்மத்தின் தலை போயிற்று. பிடிபட்டவர்களை விசாரிக்க ஜெஃப்ரீஸ் என்ற நீதிபதி வந்தார். அந்த விசாரணையை ஆங்கிலேயர்களே இன்றுவரை ‘ரத்த விசாரணை’ என்றுதான் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்குத் தூக்கு. இன்னும் பல நூறு பேரைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள்.

அப்படி விற்கப்பட்டவர்களில் ஒருவர் பிட்மன். மான்மத்தின் படையோடு இருந்து அவர் செய்தது வைத்தியம்தான். பார்படோஸ் தீவில் ஒரு தோட்டக்காரர் அவரை வாங்கினார். 1687-ல் ஓர் இரவு, ஏழு பேரோடு ஒரு சின்னப் படகில் ஏறித் தப்பினார். வழியில் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். அங்கே எதிர்ப்பட்ட கொள்ளையர்கள் இவர்களுடைய படகைக் கொளுத்திவிட்டார்கள். ஆமை பிடித்துத் தின்று உயிர் பிழைத்து, ஒருவழியாக ஊர் திரும்பிய பிட்மன், பட்ட பாட்டையெல்லாம் 1689-ல் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அவர் கடைசி வரை கொள்ளையராகவில்லை. கொள்ளையர் கையில் அவதிப்பட்டவர் அவர்.

அந்த மனிதரைக் கொள்ளையர் தலைவனாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர் ரஃபேல் சபாட்டினி. இத்தாலிய அப்பா, ஆங்கில அம்மா, இருவருமே இசைநாடகப் பாடகர்கள். இத்தாலியில் பிறந்து ஐந்தாறு மொழி பேசி வளர்ந்த சபாட்டினி, எழுதுவதற்கு அம்மாவின் மொழியை எடுத்துக்கொண்டார். பத்திரிகையில் வந்த தன் கடல் கதைகளைக் கோத்து 1922-ல் ‘கேப்டன் பிளட்’ நாவலை வெளியிட்டார். கதாநாயகன் பீட்டர் பிளட் அயர்லாந்துக்காரர், வைத்தியர். காயம்பட்ட கலகக்காரனுக்குச் சிகிச்சை செய்த இடத்திலேயே பிடிபடுகிறார். ஜெஃப்ரீஸின் முன்னால் நிற்கிறார். அடிமையாக விற்கப்படுகிறார். இதுவரை பிட்மன். அதற்குப் பிறகு ஸ்பானியர்களின் கப்பலைக் கைப்பற்றித் தலைவனாகிறாரே, அங்கே சபாட்டினி ஹென்றி மார்கன் போன்ற நிஜக் கொள்ளையர்களின் சாகசங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். தோட்டக்காரரின் பெயரை மட்டும் மாற்றவில்லை. பிட்மனை வாங்கியவர் பெயர் பிஷப், நாவலிலும் அந்தக் கொடுமைக்காரரின் பெயர் பிஷப்தான்.

1924-ல் இந்த நாவல் பேசாப் படமாக வந்தது. 1935-ல் வார்னர் பிரதர்ஸ் மறுபடி எடுத்தது. அப்போது பேர் பெற்றிருந்த ராபர்ட் டோனட் நடிப்பதாக இருந்து, நடக்காமல் போயிற்று. அந்த இடத்துக்கு டாஸ்மேனியாவிலிருந்து வந்த, யாரும் அறியாத எரால் ஃபிளின் வந்தார். ஜோடியாக 19 வயது ஒலிவியா டி ஹாவிலண்ட். மைக்கேல் கர்டிஸ் இயக்கம். வியன்னாவிலிருந்து வந்த கோர்ன்கோல்ட் மூன்று வாரத்தில் இசையமைத்துக் கொடுத்தார். கடற்போரில் பாதி பொம்மைக் கப்பல்கள்தான். ஆனால் ஃபிளின் பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தாவும்போது அதெல்லாம் யாருக்குத் தோன்றும்! அந்த ஒரே படத்தில் ஃபிளின் நட்சத்திரமாகிவிட்டார். அவரும் டி ஹாவிலண்டும் மொத்தம் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள்.

இனி சென்னைக்கு வருவோம்.

பந்துலு கோலார் மாவட்டத்துக்காரர். நாடக மேடையிலிருந்து வந்தவர். பத்மினி பிக்சர்ஸ் அவருடைய சொந்த நிறுவனம். 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’, 1964 பொங்கலுக்குக் ‘கர்ணன்’. மூன்றிலும் சிவாஜி கணேசன்தான் நாயகன். வேறொருவர் இதில் ஒன்றை எடுத்திருந்தாலே வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் வ.உ.சி.யின் கதையான ‘கப்பலோட்டிய தமிழன்’ கையைக் கடித்தது. கர்ணனுக்கோ தண்ணீராய்ச் செலவழித்திருந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு அவருடைய ‘முரடன் முத்து’வும் ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’யும் ஒரே நாளில் வந்தன. சிவாஜியின் நூறாவது படம் என்ற பெருமை ‘நவராத்திரி’க்குப் போனது. அந்த மனத்தாங்கலில்தான் பந்துலு அந்த வீட்டுப் படியிறங்கினார் என்று திரையுலகத்தில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அதன்பின் அவர் போய்ச் சேர்ந்த இடம் எம்.ஜி.ஆர்.

இரண்டு பெரிய நடிகர்களுக்கு நடுவே கோடு கிழித்து ரசிகர்கள் நின்ற காலம் அது. சிவாஜியின் கட்டபொம்மனையும் கர்ணனையும் எடுத்தவர் எம்.ஜி.ஆரை வைத்து எதை எடுப்பது? இன்னொரு புராணத்தை எடுத்திருந்தால் எம்.ஜி.ஆருக்குப் பொருந்தியிருக்காது. தி.மு.க.வின் முகமாக இருந்தவர் அவர். அழுது சாகும் நாயகனும் அவருக்கு ஆகாது. அவருக்கு வேண்டியது வாள், சிரிப்பு, அநியாயத்தைக் கேட்கும் ஒரு வாய். ‘மர்மயோகி’, ‘மலைக்கள்ளன்’, ‘நாடோடி மன்னன்’ என்று அந்தச் சாலையை எம்.ஜி.ஆர். ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். பந்துலு ‘கேப்டன் பிளட்’ கதையை எடுத்து, அதில் கடலைக் கொண்டுவந்து சேர்த்தார். நாயகன் வைத்தியராகவே இருந்தார், காயம்பட்ட கலகக்காரர்களுக்கு மருந்திட்ட குற்றமும் அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் மாறியது.

முதலில் பெயர்களைப் பாருங்கள். மணிமாறன் வாழ்வது நெய்தல் நாட்டில். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஒவ்வொருவருக்கும், இந்தக் கதை இங்கேயே பிறந்தது என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அவரும் கூட்டாளிகளும் அடிமைகளாக விற்கப்படும் இடம் கன்னித்தீவு. 1960-லிருந்து தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ சித்திரக்கதை வந்துகொண்டிருந்ததால், அந்தப் பெயரைக் கேட்டதுமே சிறுவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். ஆர்.கே. சண்முகத்தின் வசனத்தில் கரீபியன் கடல் இருந்த இடமே தெரியாமல் கரைந்துபோயிற்று.

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. பீட்டர் பிளட் தனி மனிதர். அவருடைய கோபம் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றியது. கூட இருப்பவர்கள் துணைக்கு வருபவர்கள், அவ்வளவுதான். மணிமாறனைத் தனியாகப் பார்ப்பதே அபூர்வம். அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டம் சாப்பிட்டதா, அடிபட்டதா, நம்பிக்கை இழந்துவிட்டதா என்பதே அவருடைய கவலை. தலைப்பு ஆயிரத்தில் ஒருவனைச் சொன்னாலும், படம் மனம் வைத்திருப்பது அந்த ஆயிரம் பேர் மேல். கப்பலில் விடுதலை கேட்டுப் பாடும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கண்ணதாசன் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடியது. அதில் டி.எம்.எஸ்.ஸின் குரல் எழும்போதெல்லாம் கூடவே ஒரு படையின் குரல் எழுகிறது. காற்றும் அலையும் பாய்மரமும் சேர்ந்து தாளம் போடுவதைப் போல விஸ்வநாதன்–ராமமூர்த்தி அதை அமைத்தார்கள். கார்வார் கடற்பக்கம் போய் அந்தக் கடல் காட்சிகளைப் படமெடுத்தார்கள். அரங்குக்குள் தொட்டி கட்டி எடுத்திருந்தால் அந்த வெளிச்சமும் அந்த ஆட்டமும் கிடைத்திருக்காது.

இந்தப் பாட்டு வெளிவந்த நேரத்தையும் நினைக்க வேண்டும். 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தமிழ்நாடு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொந்தளித்திருந்தது. மாணவர்கள் தெருவில் நின்றார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. படம் வெளியானது ஜூலை 9. ‘அடிமை’, ‘விடுதலை’, ‘தலைவன்’ என்ற சொற்கள் திரையில் ஒலித்தபோது கொட்டகையில் இருந்தவர்கள் நெய்தல் நாட்டை மட்டுமா நினைத்திருப்பார்கள்? இரண்டு வருடத்தில் ஆட்சியே மாறியது. ஒரு சினிமாவால் ஆட்சி மாறியது என்று நான் சொல்ல வரவில்லை. மக்கள் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இந்தப் படம் உரக்கப் பாடிக் காட்டியது. செட்ஜ்மூர் போருக்குச் சரியாக 280 வருடம் கழித்து, அதே ஜூலை மாதத்தில், அந்த நெசவாளிகளின் கலகம் தமிழ் பேசியது.

இவ்வளவு கனமான விஷயம் உள்ளே இருந்தும் படம் கனக்கவில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். அடிமைச் சந்தை, சாட்டை, நாடு கடத்தல் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நாகேஷ் வந்து சிரிக்க வைக்கிறார். எம்.ஜி.ஆருக்கு அப்போது 48 வயது. வாளை உருவுவதற்கு முன் ஒரு புன்னகை செய்வாரே, அந்தப் புன்னகையிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். நம்பியாரோடு மோதுவதற்கு முன் மதம் பிடித்த யானையையும் சினம் கொண்ட சிங்கத்தையும் வைத்து இருவரும் பேசிக்கொள்ளும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டலையே பதம் பார்த்துப் பந்தாடுகிறார்கள். கேட்டவர்கள் அறுபது வருடமாக அதை வீட்டில், தெருவில், கல்யாணப் பந்தியில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் சபரிமலைக் குருசாமியாக, மது தொடாதவராக வாழ்ந்த நம்பியார் திரையில் அவ்வளவு பயங்கரமாக இருந்தது எம்.ஜி.ஆருக்குக் கிடைத்த பெரிய பரிசு. எதிரி உறுதியாக இருந்தால்தான் நாயகன் சிரிப்பதில் அர்த்தம் இருக்கும். செங்கப்பனாக வந்த மனோகரும் அப்படியே. இப்போது வரும் பல சாகசப் படங்களில் நாயகன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று மணி நேரம் சண்டை போடுகிறார். ரத்தம் தெறிக்கிறது, பயம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மணிமாறன் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார், நாமும் கூடச் சேர்ந்து போட்டோம்.

அதற்கு அவர் வைத்தியராக இருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உயிரைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர் வேறு வழியில்லாமல் வாளை எடுக்கிறார். ஆகவே அந்த வாள் யாரைக் கொல்லப் போகிறது என்று நாம் காத்திருப்பதில்லை. யாரைக் காப்பாற்றப் போகிறது என்றுதான் காத்திருக்கிறோம். நம்மூர் வைத்தியருக்கு எதிரி என்றும் வேண்டியவர் என்றும் கிடையாது. பாம்பு கடித்தவன் யாராக இருந்தாலும் நடுராத்திரியில் கதவைத் தட்டலாம். சபாட்டினியின் நாவலில் இது ஒரு தொழில் தர்மம். தமிழுக்கு வந்தபோது எல்லோரும் கண்ணால் கண்ட ஒரு மனிதரின் குணமாகிவிட்டது.

பூங்கொடியைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. 1935 படத்தின் நாயகி அரபெல்லா, அடிமைச் சந்தையில் பத்துப் பவுன் கொடுத்து பிளட்டை வாங்குகிறாள். அந்தத் திமிரும் குறும்பும்தான் அவர்கள் காதலின் தொடக்கம். தமிழில் பூங்கொடியாக வந்தவர் ஜெயலலிதா. படம் வெளியானபோது அவருக்கு 17 வயது. பந்துலு ஏற்கெனவே ‘சின்னத கொம்பே’ என்ற கன்னடப் படத்தில் அவரை நடிக்க வைத்திருந்தார். ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’ சில மாதங்களுக்கு முன்தான் வந்திருந்தது. எம்.ஜி.ஆரோடு இதுதான் முதல் படம். திரையில் அவ்வளவு பெரிய மனிதரின் எதிரே நிற்கும்போது அந்தப் பெண்ணின் கண்ணில் தயக்கம் கொஞ்சமும் இல்லை. இதையும் சேர்த்து இருவரும் சேர்ந்து நடித்தவை மொத்தம் 28 படங்கள். இருவருமே இந்த மாநிலத்தின் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கதைக்குள் ஒரு நாட்டின் விடுதலைக்காகப் பாடியவர்களை இப்போது பார்க்கும்போது, பின்னால் வந்த வரலாறும் சேர்ந்து தெரிகிறது. அதனால் படத்துக்கு வந்த எடை வேறு. ஆனால் படத்துக்கு அந்த எடை தேவையே இல்லை என்பதும் உண்மை. டூரிங் டாக்கீஸில் நாங்கள் பார்த்தபோது அது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அந்த வருடமே பிரிந்தார்கள். இரட்டையராக அவர்கள் கொடுத்த கடைசிப் படங்களில் இது ஒன்று. வாலியும் கண்ணதாசனும் பாட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதில் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கும் வாலியின் பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினால்தான் தீரும். பந்துலு எம்.ஜி.ஆரோடு ‘நாடோடி’, ‘ரகசிய போலீஸ் 115’, ‘தேடிவந்த மாப்பிள்ளை’ எடுத்தார். ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வேலையில் இருந்தபோது 1974-ல் காலமானார். அந்தப் படத்தை எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார்.

படம் இன்னொரு முறை பிறந்தது 2014-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு பந்துலுவின் ‘கர்ணன்’ பிரதியைத் துடைத்து, கீறல் நீக்கி, டிஜிட்டலாக்கி வெளியிட்டிருந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அதே திவ்யா ஃபிலிம்ஸ் ‘ஆயிரத்தில் ஒருவ’னையும் எடுத்துக்கொண்டது. மார்ச் 14-ஆம் தேதி மறுவெளியீடு. ஒரு காலத்தில் கோடு கிழித்துப் பிரித்து வைத்த இரண்டு நடிகர்களின் படங்களும், அந்தக் கோட்டைத் தாண்டி நடந்த ஓர் இயக்குநரின் பெயரால் மீண்டும் கொட்டகைக்கு வந்தன.

நான் அன்று என் மகனோடு போயிருந்தேன். எனக்கு முன் வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர்கள், சிலர் சட்டைப்பையில் எம்.ஜி.ஆர். படம். பின் வரிசையில் கல்லூரிப் பையன்கள். அவர்கள் கிண்டல் செய்வதற்காக வந்திருப்பார்களோ என்று முதல் பத்து நிமிடம் எனக்கு உள்ளூரப் பயம். யானையும் சிங்கமும் வந்தபோது பெரியவர்கள் வசனத்தை முந்திக்கொண்டு சொன்னார்கள். பின் வரிசை எழுந்து நின்று விசிலடித்தது. கப்பல் பாட்டுக்கு என் மகன் கை தட்டினான். யாரும் அவனிடம் இது பெரிய படம் என்று சொல்லியிருக்கவில்லை. சென்னையில் அந்த மறுவெளியீடு 175 நாளைத் தாண்டி ஓடி வெள்ளிவிழா கொண்டாடியது.

பிட்மனின் நூல் 1689-ல் அச்சானது, இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 1935-ன் ‘கேப்டன் பிளட்’டைப் பளிச்சென்று பார்க்கலாம். ஆனால் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931-ல் வந்தது, அதன் ஒரு பிரதிகூட இன்று நம் கையில் இல்லை. மூடிக் கிடக்கும் தியேட்டர்களின் ஆபரேட்டர் அறைகளில், பழைய விநியோகஸ்தர்களின் வீட்டுப் பரண்களில் இன்னும் படப்பெட்டிகள் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் அப்படி ஒரு பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, புனேயில் 1964-லிருந்து இயங்கிவரும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.